சத்திர சிகிச்சைக்கு முந்திய மணித்தியாலங்கள்



நெருப்புக் காய்ச்சல் எனப்படும் டைபாய்டைப் பற்றிப் பேச நுவரெலியாவில் கூடியிருப்பது பொருத்தமானது. யாழ்ப்பாணத்தைப் போலவே இந்த மாவட்டமும் நெடுங்காலம் இந்நோய் மிகுதியாகப் பதிவான இடம். பீலித் தண்ணீரையும் தோட்டத்து லயத்துக்குப் பொதுவான மலசலகூடத்தையும் அறிந்தவர்களுக்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

1948இல் கோலாலம்பூரில் வூட்வர்ட் குழுவினர் குளோரம்பெனிகோலால் இக்காய்ச்சலைக் குணப்படுத்திக் காட்டினார்கள். அதன்பின் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் குடலில் விழுந்த ஓட்டையை எந்த மருந்தும் அடைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் சேரும் நோயாளிகளில் 3 சதவீதம் வரை இது நேரலாம்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியிலுள்ள பேயர் திட்டுகள் வீங்கிப் புண்ணாகி, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வாரங்களில் துளை விழுகிறது. காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது என்று தாய் கொழுந்தெடுக்கத் திரும்பியிருப்பாள். பிள்ளை முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடக்கும். வயிற்றில் கை வைக்க விடாது. பூச்சி வலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்து ஓர் இரவைக் கழித்துவிடுவார்கள். நிமிர்த்தி எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் கீழே காற்று கறுப்புக் கோடாகத் தெரிந்தால் சந்தேகமில்லை. தெரியாவிட்டாலும் அந்த வயிற்றை நம்பி விட்டுவிட முடியாது.

துளையைத் தைப்பதா, குடலை வெட்டி இணைப்பதா, சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிடும் இலியோஸ்டோமி வைப்பதா என்று இங்கே விவாதிக்கப் போகிறோம். விவாதிக்கத்தான் வேண்டும். ஆயினும் பிள்ளை பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தியேட்டருக்கு முந்திய நேரமே என்பது என் உறுதியான எண்ணம். பிந்தி வந்துவிட்டதே என்று பதறி, நீர் வற்றிய பிள்ளையை அப்படியே மயக்க மருந்துக்கு அனுப்புவதும் ஆபத்து. சேலைன் ஏற்றி, மூக்குவழிக் குழாய் போட்டு, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, பொட்டாசியத்தைச் சரிசெய்து, சிறுநீர் இறங்குவதைக் கண்ட பிறகு வயிற்றைத் திறப்போம். அந்தச் சில மணித்தியாலங்கள் வீண் தாமதமல்ல.

இலியோஸ்டோமி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீழ் நிறைந்து, குடல் நூலைத் தாங்காத நிலையில் அது உயிர் காக்கும், தயங்கக் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளை திரும்பிப் போவது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவுக்கு. உப்பும் நீரும் பையில் வடிந்துகொண்டே இருக்கும். கசிவு பட்டால் சுற்றியுள்ள தோல் வெந்துபோகும். கழுவுவதற்குத் தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டும். பை மாற்ற அம்மா ஒரு நாள் நின்றால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். மூடும் சத்திர சிகிச்சைக்கு வருவதற்குள் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிடலாம். ஒரே துளை, நல்ல குடல், சீக்கிரம் வந்த பிள்ளை என்றால் விளிம்பைச் சீராக்கித் தைத்து, வயிற்றை நன்றாகக் கழுவி மூடுவதையே நான் விரும்புவேன்.

தடுப்பூசியையும் மறக்கக் கூடாது. இந்திய ஐதராபாத்தில் தயாராகும் இணைவுத் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2017இல் முன்தகுதி அளித்தது. சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியதைக் கண்ட பாகிஸ்தான், 2019இல் அதைப் பிள்ளைகளின் வழக்கமான தடுப்பூசிகளில் சேர்த்தது. எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமி இந்த மலைகளில் பரவும்வரை நாம் காத்திருக்கக் கூடாது.

முதல் அமர்வைத் தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளை முதலில் வருவது அவர்களிடம்தான். காய்ச்சலின் எத்தனையாவது நாளில் வயிற்று வலி வந்தது, வாகனம் கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது, எந்த வைத்தியசாலையிலிருந்து எங்கே மாற்றி அனுப்பினார்கள் என்று அவர்கள் விவரமாகச் சொல்லட்டும். தையல் முறைகளைப் பிற்பகலில் எடுத்துக்கொள்வோம்.