ஏரியடி வண்டலில் தோட்டத்துக் கணக்கு

(பெர்மாஸ் ஜெயாவில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



ஜொகூர்த் தோட்டங்களைப் பற்றிய கணக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. எத்தனை ஏக்கர் நட்டார்கள், எத்தனை பவுண்டு ரப்பர்ப் பால் இறங்கியது, ஆளுக்கு என்ன கூலி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். மழையோடு சரிவிலிருந்து இறங்கிப் போன மண்ணுக்கு மட்டும் யாரும் பேரேடு போடவில்லை. ஆனால் அந்தக் கணக்கு தொலைந்துவிடவில்லை. ஏரிகளின் அடியில் வண்டலாகப் படிந்து கிடக்கிறது.

அதை எப்படி எடுக்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படகில் ஏரியின் ஆழமான பகுதிக்குப் போய், நீண்ட பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாகச் சேற்றில் இறக்குவார்கள். மேல்வாயை அடைத்து மெதுவாக இழுத்தால், அடுக்குக் கலையாமல் சேறு குழாயோடு மேலே வரும். கரையில் வைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லை வில்லையாக வெட்டுவார்கள். மேலே கூழ்போல இளகிய பழுப்புச் சேறு. கீழே போகப் போக இறுகிய கரிய சேறு, அழுகிய முட்டை வாடையோடு. நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை தென்பட்டால் ஆய்வாளர் நிமிர்ந்து உட்காருவார். அந்த ஆண்டுகளில் கரையோரம் காடு அழிந்ததா, மண் வெறுமையாகக் கிடந்ததா?

எந்த ஆண்டு என்பதைக் காரீயம்-210 சொல்கிறது. காற்றிலிருந்து ஓயாமல் படியும் இந்தக் கதிரியக்கக் காரீயம் ஏறத்தாழ 22 ஆண்டுகளில் பாதியாகத் தேய்கிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தால், சுமார் 150 ஆண்டுகள் வரை வில்லைகளுக்கு வயது சொல்லலாம். அணுகுண்டுச் சோதனைத் தூசி உச்சத்தைத் தொட்ட 1963ஆம் ஆண்டைக் காட்ட, குளிர்நாடுகளில் சீசியம்-137 கைகொடுக்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் அந்தத் தூசி குறைவாகவே விழுந்ததால், நமக்கு அந்த அடையாளம் மங்கல்தான்.

இந்த முறையால் என்ன தெரியவரும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிரெய்ன்ஸ் ஏரி என்று ஒரு சின்ன ஏரி. மார்கரெட் டேவிஸ் என்ற அறிஞர் அதன் வண்டலை ஆராய்ந்து 1976இல் எழுதினார். 1830களில் குடியேறிகள் காட்டை வெட்டி உழத் தொடங்கியபோது, ஏரிக்கு வந்த மண் முன்பைவிட 30 முதல் 80 மடங்கு கூடியது. பிறகு தணிந்தது; ஆனால் காட்டுக் காலத்து அளவுக்குத் திரும்பவில்லை, சுமார் 10 மடங்கிலேயே நின்றுவிட்டது. என்னை உலுக்கியது அந்த 80 அல்ல, இந்த 10தான். அதுவே வழக்கம் என்று பின்னால் பிறந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மண் தெளிந்த ஓடையை அவர்கள் பார்த்ததே இல்லையே!

இப்போது ஜொகூருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஆற்றங்கரைகளில் கங்சு (ஆற்றங்கரைத் தலைவர்) முறையின் கீழ்ச் சீனர்கள் காம்பிர்ச் செடியும் மிளகும் பயிரிட்டார்கள். காம்பிர் இலையைக் காய்ச்சிச் சாறெடுக்க விறகு வேண்டும்; அதற்குப் பக்கத்துக் காடு போயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மண் சோர்ந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். அந்த அடுப்புகளின் கரித்துகள் ஏதாவது ஒரு சதுப்பின் அடியில் இன்னும் இருக்க வேண்டும்.

பிறகு ரப்பர் வந்தது, நம்மவர்களும் வந்தார்கள். தொடக்க காலத்தில் மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக்கூடாது என்பது துரைமார் சட்டம். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் மண்வெட்டியால் சரிவுகளைத் துடைத்து வைத்தார்கள். அந்த வெறும் தரையில் வெப்பமண்டல மழை அடித்தால் மேல்மண் எங்கே நிற்கும்? சேதம் பெரிதான பிறகே மூடுபயிரும் சரிவின் குறுக்கே வெட்டிய வண்டல் குழிகளும் வந்தன. களை வெட்டியவர் கூலிக்காரர்; வெட்டச் சொன்னவர் வேறு. மண் அரிப்பின் வரலாற்றை எழுதும்போது இதை மறக்கக்கூடாது என்று நான் வலியுறுத்துகிறேன்.

அடுத்து செம்பனை. இதன் மகரந்தத்தை வண்டலில் எண்ணிவிட்டால் போதாதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். போதாது. முன்பு செம்பனைப் பாளைகளுக்குப் பல தோட்டங்களில் ஆட்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த, மகரந்தம் சுமக்கும் ஒரு கூன்வண்டை 1981இல் நம் ஜொகூரிலேயே, குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் விட்ட பிறகுதான் அந்த வேலை நின்றது. பக்கத்து மரத்துக்குப் போகவே ஆள் துணை கேட்ட மகரந்தம் ஏரி நடுவுக்கு வந்து குவியும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் கரித்துகள், உரத்தின் பாஸ்பரஸ், மண் படியும் வேகம், நுண்பாசியான டயாட்டம் ஆகியவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்படிப் படித்த ஏரி ஒன்று பகாங்கில் உண்டு. ஒன்றோடொன்று இணைந்த பல நீர்ப்பரப்புகளைக் கொண்ட சினி ஏரி, 2009இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. ஜக்குன் பூர்வகுடி மக்கள் வாழும் இடம். அதன் வண்டலில் இருந்த டயாட்டம் ஓடுகளை வைத்து, 150 ஆண்டு வரலாற்றைச் சொல்லும் ஆய்வு 2020இல் வெளிவந்தது. மனிதச் செயல்களுக்கும் மழை, வெள்ள மாற்றங்களுக்கும் அந்த ஏரி வலுவாக எதிர்வினை காட்டியிருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் செம்பனை மேல் போட்டுவிட முடியாது. சுற்றிலும் சுரங்கங்கள் இருந்தன. 1995இல் சினி ஆற்றில் கட்டிய தடுப்பணை நீர்மட்டத்தை உயர்த்திக் கரைமரங்களைச் சாகடித்தது. பெருமழைக் காலத்தில் பகாங் ஆறே ஏரிக்குள் திரும்பிப் பாயும். வந்த சேறு யார் வீட்டுச் சேறு என்று பிரித்தறிவதில்தான் இந்தத் துறையின் உழைப்பே இருக்கிறது.

பெர்மாஸ் ஜெயாவில் இயற்கை ஏரி கிடையாது. பக்கத்தில் சுங்கை லாயாங் நீர்த்தேக்கம் இருக்கிறது. 2015இல் அதன் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்து தண்ணீருக்குப் பங்கீடு வந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நீர்த்தேக்கத்தில் ஒரு வசதி உண்டு: அணை கட்டிய ஆண்டு தெரியும், அதனால் வண்டலின் அடிமட்டத்துக்கு வயது தேட வேண்டியதில்லை. பழைய தோட்டக் குளங்களும் அப்படித்தான். தமிழகத்தில் கண்மாய் வண்டலைக் காலங்காலமாக அள்ளி வயலில் கொட்டினார்கள்; நிலத்துக்கு அது நல்லது, ஆனால் அடுக்குகள் கலைந்துவிட்டன. இங்கே நம் குளங்கள் இன்னும் முழுதாகக் கலையவில்லை. வீடமைப்புக்காகவும் பூங்காவுக்காகவும் அவற்றைத் தூர்க்கிறோம், தூர்வாருகிறோம். இயந்திரம் இறங்கினால் நூறாண்டு ஏடு ஒரே பகலில் லாரியேறிப் போய்விடும்.

என் வேண்டுகோள் இதுதான். குளத்தில் கைவைக்குமுன் ஒரு குழாய் வண்டலை எடுத்து, மூடி, குளிர்பதனத்தில் வைக்கச் சொல்லி உள்ளாட்சி மன்றத்திடமும் பல்கலைக்கழகங்களிடமும் நாம் கேட்க வேண்டும். இன்றைக்கே ஆராய ஆளோ பணமோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வண்டல் காத்திருக்கும்.

காத்திருக்க முடியாதது இன்னொன்று உண்டு. எந்தப் பிரிவில் எந்த ஆண்டு ரப்பரைச் சாய்த்தார்கள், எப்போது செம்பனை நட்டார்கள், எந்தச் சரிவில் மழைக்கு மண் சரிந்தது என்று பிளந்தோங்கிலும் மாசாயிலும் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். ஆய்வுக்கூடம் தரும் தேதியைச் சரிபார்க்க அந்த நினைவுகள் தேவை. மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஆண்டையும் இடத்தையும் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வாருங்கள்.