சுமக்கும் மரமும் ஒட்டிய மரமும்

இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த மரச்சட்டகப் பண்ணை வீடுகளுக்கும், அவற்றின் சாயலில் நுவரெலியாவில் கட்டப்பட்ட மாளிகைகளுக்கும் இடையே மேலோட்டமான பார்வைக்குப் புலப்படாத, ஆயினும் கட்டடக் கலையில் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு: முன்னவற்றில் மரம் வீட்டைச் சுமக்கிறது, பின்னவற்றில் வீடு மரத்தைச் சுமக்கிறது. கந்தப்பளையைச் சுற்றியுள்ள மலைகளில் எந்தக் கட்டடம் அந்தப் பழைய பண்ணை வீட்டுக்கு மெய்யான உறவு என்று அறிய விரும்புவோர் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

மரச்சட்டக வீட்டில் சுவர் எதையும் தாங்குவதில்லை. தரையில் கல் வரிசை ஒன்றின் மேல் கிடத்தப்பட்ட அடிமரமும், அதில் நாட்டப்பட்ட தூண்களும், தூண்களின் தலையை இணைக்கும் உத்தரங்களும், அவற்றின் மேல் சாய்ந்து நிற்கும் கைமரங்களும் சேர்ந்து ஒரு கூடாக அமைய, கூரையின் பாரம் முழுவதும் அந்தக் கூட்டின் வழியாகவே நிலத்தை அடைகிறது. கோயில் திருவிழாப் பந்தலில் துணியை அகற்றினாலும் கால்கள் நிற்பதைப் போல, இந்த வீட்டிலும் சுவரை முழுக்கப் பெயர்த்தெடுத்தாலும் கூரை அசையாது. தூண்களுக்கு இடைப்பட்ட வெளியில் மெல்லிய குச்சிகளைப் பாய் போலப் பின்னி, களிமண்ணையும் வைக்கோலையும் சாணத்தையும் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள்.

மூட்டுகளில்தான் அந்தத் தச்சர்களின் அறிவு முழுமையாக வெளிப்படுகிறது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மெல்லியதாக்கிய பகுதி கழுந்து. அது நுழைவதற்காக மற்றொரு மரத்தில் குடையப்படுவது துளை. இரண்டையும் பொருத்திய பின் குறுக்கே துளையிட்டு ஒரு மர ஆணியை அறைந்து இறுக்குவார்கள். ஓக் மரம் காய்ந்தால் உளிக்கு எளிதில் இணங்காது என்பதால், வெட்டிய ஈரம் உலராதிருக்கும்போதே அதை இழைத்துப் பொருத்தினார்கள். பின்னர் ஆண்டுக்கணக்கில் மரம் உலர்ந்து முறுக்கிக்கொள்ள, மூட்டுகள் மேலும் இறுகின. பழைய பண்ணை வீடுகளின் உத்தரங்கள் வளைந்தும் தூண்கள் சாய்ந்தும் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கட்டியவரின் குறை என்று எண்ணுவது தவறு. சட்டகம் முழுவதையும் முதலில் தச்சரின் முற்றத்திலேயே பொருத்திப் பார்த்து, எந்த மரம் எதனோடு சேரும் என்பதைக் காட்டும் ரோமன் எண் குறிகளை உளியால் கீறி, பிறகு பிரித்து வண்டியில் ஏற்றி மனைக்குக் கொண்டுசென்றார்கள். கென்ட்டில் சிடிங்ஸ்டன் ஊரருகே நின்ற பேலீஃப் என்னும் பண்ணை வீடு, நீர்த்தேக்கம் ஒன்றின் பொருட்டு 1960களின் இறுதியில் அகற்றப்பட நேர்ந்தபோது, மர ஆணிகளைக் கழற்றி அந்தச் சட்டகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சசெக்ஸின் சிங்கிள்டன் ஊரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடியும் நிறுத்த முடிந்தது. அதன் நடுக்கூடத்தில் புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவில் எரிந்த அடுப்பின் புகை கூரை வரை எழுந்து மரங்களைக் கருக்கியது.

வெள்ளைச் சுவரும் கறுப்பு மரமும் என்று இன்று எல்லோர் மனத்திலும் பதிந்துள்ள தோற்றம் பெரும்பாலும் விக்டோரியா மகாராணி காலத்து விருப்பத்தின் விளைவே. அதற்கு முன்னர் பல வீடுகளில் வெளிப்புற மரம் வெயிலிலும் மழையிலும் வெள்ளி நிறம் ஏற விடப்பட்டது, அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு பூசப்பட்டது. நுவரெலியாவுக்கு வந்து சேர்ந்தது இந்தப் பிந்திய தோற்றமே. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் மலைவாச இல்லம் அமைத்த இடத்தில் வளர்ந்த கிராண்ட் ஹோட்டலின் முகப்பில் கூர்மாடங்களுக்குக் கீழே கரிய மரக்கோடுகள் அழகாக ஓடுகின்றன; ஆனால் அத்தகைய பாணியில் மரம் பொதுவாகக் கட்டுச்சுவரின் மேல் பதிக்கப்படும் அலங்காரமேயன்றிப் பாரம் தாங்குவது அன்று. 1894ஆம் ஆண்டு கட்டப்பட்ட தபாற்கந்தோர் செங்கல்லால் ஆனது. ஹில் கிளப் கல்லால் ஆனது. ஊரின் மீதுள்ள ஏக்கம் கட்டடமாக உருவெடுத்தவை என்ற வகையில் இவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆயினும் சட்டகக் கலையின் வாரிசுகள் என்று இவற்றைச் சொல்ல இயலாது.

மலைநாட்டுக்கு அந்தக் கலை புதிதும் அன்று. கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களும், அதன் கூரையில் 26 கைமரங்களை ஓரிடத்தில் கூட்டிப் பிடிக்கும் ஒரே பெரிய மர முளையும் மூட்டுக் கலையின் உச்சங்களில் ஒன்று. எளிய மக்களின் வீடுகளில் கம்பு நட்டு, வரிச்சு கட்டி, மண் அப்பும் முறை இலங்கை முழுவதும் வழங்கியது; கோப்பிக் காலத்தில் தோட்டங்களில் எழுந்த முதல் லயங்களும், துரைமார் குடியிருந்த முதல் வீடுகளும்கூட மண்ணும் வரிச்சும் மானாப்புல்லுமாகவே இருந்தன. கென்ட் விவசாயியின் சுவரும் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த தொழிலாளியின் சுவரும் ஒரே முறையில் எழுந்தவை என்பது, கட்டட வரலாறு எழுதுவோர் இன்னும் போதிய அளவு கவனிக்காத செய்தி. பின்னர் துரை பங்களா கல்லும் சிமெந்துமாக விரிய, லயத்துக் குடும்பங்களுக்கு ஒற்றைக் காம்பராவும் ஒடுங்கிய இஸ்தோப்பும் தகரக் கூரையுமே மிஞ்சின.

மெய்யான உறவைத் தேயிலை பெக்டரியில் காணலாம். பல மாடி கொண்ட பெக்டரியில் பாரத்தைச் சுமப்பது தூணும் விட்டமுமான சட்டகம். வெளிப்புறத் தகரமும் வரிசை வரிசையான கண்ணாடி யன்னல்களும் காற்றையும் வெளிச்சத்தையும் மட்டுப்படுத்தும் மறைப்புகள் மட்டுமே. பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்கு அகன்ற, காற்றோட்டமான மேல்மாடிகள் தேவைப்பட்டன. தடித்த சுவர்களால் தர முடியாத அந்த வெளியைச் சட்டகமே தந்தது. அளவெடுத்துச் செய்து, பகுதிகளாகக் கொண்டுவந்து, மலையில் பொருத்தும் இரும்புச் சட்டக முறையும், குறி கீறிய மரங்களை வண்டியில் ஏற்றிய பழைய தச்சரின் முறையோடு ஒத்ததே.

கந்தப்பளையின் ஹெதர்செட் பெக்டரி இதற்குச் சிறந்த சான்று. இயந்திரங்கள் ஓய்ந்து நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடம், 1996ஆம் ஆண்டு ஹோட்டலாகத் திறக்கப்பட்டபோது, வாட்டும் மாடிகள் தங்கும் அறைகளாயின. பாரத்தைச் சட்டகம் தாங்கியதால், உள்ளே தடுப்புகளை விரும்பியவாறு அமைக்க இடம் இருந்தது. ஆகவே மலையகத்தில் மூடிக் கிடக்கும் ஏனைய பெக்டரிகளைப் பழைய இரும்பு விலைக்கு விற்பதற்கு முன், அவற்றின் தூண்களின் அடிப்பகுதியையும் மூட்டுகளையும் தேர்ந்தவர் ஒருவர் பரிசோதிப்பது அவசியம். பல கட்டடங்களில் துருப்பிடித்திருப்பது தகரமாகவே இருக்கலாம். சட்டகம் உறுதியாக இருந்தால், பள்ளிக்கூடமோ நூலகமோ அதனுள் அமைய முடியும்.