மாலை நேரத்துக்கு ஒரு நாவல்

(வல்லக்கோட்டையில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், சாலை, குடிநீர் என்று பேச வேண்டிய அலுவலர் நாவல் படிக்கச் சொல்கிறாரே என்று தாங்கள் வியப்படையக் கூடும். காரணம் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிய பின் நம் ஊர்களின் வாழ்க்கை பெரிதும் மாறிவிட்டது. ஏர் ஓடிய நிலங்கள் பல தொழிற்பேட்டைகளாயின. நிலத்தின் விலை ஏறியது. அதன் பின்னே அண்ணன் தம்பி சச்சரவும் வந்தது. தகப்பனார் கழனியிலிருந்து திரும்பும் வேளையில் மகன் இரவு ஷிப்டுக்குப் புறப்படுகின்றான். ஒரே கூரையின் கீழ் வாழ்வோருக்கும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிய நேரமில்லை. பிறர் மனத்துள் புகுந்து பார்ப்பதற்கு நல்ல நாவலைப் போன்ற எளிய வழி வேறில்லை. அதுவும் இன்பமான வழி.

முதலில், பாகப் பிரிவினைப் பஞ்சாயத்துக்கு உட்காரும் பெரியவர்கள் அனைவரும் ஆர். சண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’ என்னும் நாவலைப் படிக்க வேண்டும். 1942-இல் வெளிவந்த சிறிய நூல் அது. கொங்கு நாட்டுக் கிராமத்தில் கணவனை இழந்த ஒருத்தி, கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கின்றாள். அவள் கேட்பது நியாயமா, கொழுந்தன் தயங்குவது நியாயமா, நடுவில் புகுந்து தூண்டுபவனுக்கு என்ன ஆதாயம் என்று நம்மையே தீர்ப்புக் கூற வைக்கிறார் ஆசிரியர். முடிவை நாம் கூறப்போவதில்லை. படித்தவர், அடுத்த வழக்கில் கட்சிக்காரர் பேசும்போது இடைமறிக்காமல் கேட்பார் என்பது நம் நம்பிக்கை.

சிரித்துக்கொண்டே படிக்க விரும்புவோர் தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எடுக்கலாம். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி, 1879-இல் வெளியிட்டது. அதில் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கின்றாள். இன்று நம் உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன, வேடம் தேவையில்லை. பெண் உறுப்பினர்கள் தத்தம் இல்லத்தாரையும் இதனைப் படிக்கச் செய்வார்களாக!

அடுத்து, கல்கி. ‘சிவகாமியின் சபதம்’ நம் காஞ்சிபுரத்தில் நடக்கும் கதை. பேருந்தில் ஏறினால் கதை நடந்த ஊரையே கண்டு வரலாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அண்மையில் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அதனைத் திரைப்படமாகப் பார்த்தவர் பலர். ஆயினும், ஆடிப் பெருக்கன்று வீராணம் ஏரிக்கரை மீது வந்தியத்தேவன் குதிரையேறி வரும் அந்த முதல் அத்தியாயத்தை எழுத்தில் படிப்பது தனிச் சுவை. ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அக்கரையும் மதகும் புதியன அல்லவே! கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஆதலால் பல பதிப்பகங்கள் குறைந்த விலையில் வெளியிடுகின்றன.

பெரிய நூலைக் கண்டு மலைப்போர், சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ படிக்கலாம். ஜல்லிக்கட்டுக் கதை, ஒரே இரவில் முடிந்துவிடும். மண்ணைத் திருத்திக் குடியேறியவர்களின் வரலாற்றைக் கதையாகக் கேட்க, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) இருக்கின்றது. காட்டை அழித்துக் கழனியாக்கிய உழைப்பை அவர் சொல்லும்போது, நிலம் விற்றவர்க்கும் விற்காதவர்க்கும் நெஞ்சு கனக்கும்.

தொழிற்சாலைக்குப் போகும் இளைஞர்களுக்கு? சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் கப்பற் போர் உண்டு. சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வில், நாட்டுப் பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வரும் கல்யாணராமன், ஜமீன் மாளிகையில் மர்மத்தில் சிக்குகின்றான். ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவல்கள் கம்பெனிப் பேருந்திலேயே படித்து முடிக்கத் தக்கவை. இவற்றை மட்டமென்று பெரியோர் ஒதுக்க வேண்டாம். விறுவிறுப்பான கதையில் படிக்கும் பழக்கம் பிறந்தால், அடுத்த நூலைப் பையன் தானே தேடிச் செல்வான்.

நூலுக்கு எங்கே போவது என்பீர்கள். 1948 ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகின்றோம். 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்களும் எழுந்தன. அவற்றுள் சில பூட்டியே கிடப்பதை நம் சுற்றுப்பயணங்களில் கண்டிருக்கின்றோம். பூட்டிய அறையில் நூலைக் கரையான் படிக்கின்றது. வரி கட்டியவன் படிக்கவில்லை. 1931-இலேயே மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். வண்டியும் பாதையும் பெருகிய இந்நாளில் நம்மால் ஒரு கதவைத் திறக்க இயலாதா?

ஆகவே, வரும் கிராம சபையில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றுங்கள். முதலாவது, நூலகம் நாள்தோறும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். சாவி ஒரு பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். இரண்டாவது, வாரம் ஒரு நாள் ஒருவர் படிக்க மற்றவர் கேட்க வேண்டும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கக் கேட்ட ஊர்கள்தாமே நம்முடையவை! எழுத்தறியாத முதியவருக்கும் கதை சென்று சேரும்; பள்ளிப் பிள்ளைக்கு வாய்விட்டுப் படிக்கும் பயிற்சியும் கிட்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. ‘நாகம்மாளி’ல் தொடங்குங்கள். அடுத்த முறை நாம் இங்கு வரும்போது, யார் பக்கம் நியாயம் என்று தாங்கள் எங்களிடம் வாதாட வேண்டும்.