வைத்தியசாலை பில்லும் ஸ்டென்ட் விலையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கலியாணக் கடனால் நிலம் இழந்தோரைப் பற்றி இச்சங்கத்தில் பன்முறை பேசியிருக்கிறோம். இக்காலத்தில் அதற்கு இணையாகக் குடும்பங்களை அழுத்துவது வைத்தியச் செலவாகும். மாரடைப்பென்று ஒருவரைக் கொண்டு சேர்த்தவுடன் கையொப்பம் கேட்கிறார்கள். அவ்வேளையில் விலை பேசுவார் யார்? ஆதலின் நோய் வருமுன்னரே அறியவேண்டிய ஒரு விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டோம்.

அடைபட்ட இருதய இரத்தக்குழாயைப் பலூனால் விரித்து, அது மறுபடி சுருங்காதபடி உள்ளே நிறுத்தும் சிறு வலைக்குழலே ஸ்டென்ட். வெற்று உலோகமென்றும் மருந்து பூசியதென்றும் அது இருவகைப்படும். 2017-க்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டில் அச்சிட்டிருந்த விலை சராசரி ரூ. 1,20,000-க்கு மேற்பட்டிருந்தது. பீரேந்தர் சங்வான் என்னும் வழக்கறிஞர் டில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்கெடுத்தபோது, வைத்தியசாலைகள் வைத்த இலாபம் சிலவிடத்து 654 சதவீதம் வரை சென்றமை வெளிப்பட்டது. கடை நடத்துவோர் இச்சபையில் பலருளர். எந்தச் சரக்கில் இத்தகைய இலாபம் கண்டார்களோ அறியோம்!

2017 பிப்ரவரியில் அவ்வாணையம் உச்சவிலை விதித்தது. வெற்று உலோகத்துக்கு ரூ. 7,260, மருந்து பூசியதற்கு ரூ. 29,600, வரி வேறு. பின்னர் இத்தொகைகள் பலமுறை மாறியுள்ளன. ஆகவே இன்றைய விலையை ஆணையத்தின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். விலையினும் மேலாக நாம் மதிப்பது அவ்வுத்தரவின் வேறொரு வாசகத்தை. ஸ்டென்டின் விலையைப் பில்லில் தனியே காட்டவேண்டும். அதன் பிராண்டுப் பெயர், செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றையும் எழுதவேண்டும். ‘பாக்கேஜ்’ என்று முழுத்தொகையையும் ஒரே வரியில் அடக்கிவிட்டால், உச்சவிலை காக்கப்பட்டதா என்று எவர் அறிவார்?

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அவ்வுச்சவிலை இருதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கே உரியது. காலின் குழாயில் வைப்பதற்கு அது பொருந்தாது. டாக்டர் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் அது வரம்பு கட்டவில்லை. ஒரு வரியில் குறைந்த பணம் பலூன், கதீட்டர், கைடு வயர் என்னும் வரிகளில் ஏறிவிடக்கூடும். ஆகையால் அவற்றையும் தனித்தனியே காட்டும்படி 2018-இல் ஆணையம் அறிவித்தது.

அரசாங்கக் காப்பீட்டில் முறை வேறு. அங்கே சிகிச்சைக்கு ஒரு குறியெண், குறியெண்ணுக்கு ஒரு தொகை. அதற்குள் அடங்கிய ஸ்டென்டுக்கென்று நோயாளியிடம் மீண்டும் பணம் கேட்பது முறையன்று.

பிரித்தெழுதிய பில் தர மறுத்தாலும், மிகுதி வாங்கினாலும், ஆணையத்தின் ‘பார்மா ஜன் சமாதான்’ வாயிலாக முறையிடலாம். அதற்குப் பணங்கட்டிய ரசீதும், ஸ்டென்ட் பெட்டியில் ஒட்டிய சீட்டின் பிரதியும் கைவசம் இருத்தல் வேண்டும்.