பரணிப் பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் கிடையாதா?

('பிள்ளைகளுக்கு என்ன பெயர் சூட்டுவது?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளை பிறந்ததும் இரண்டு தாள்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ஒன்று, நட்சத்திரம் பார்த்து எழுதிய எழுத்துகள். மற்றொன்று, எண்கணிதக்காரர் போட்டுக் கொடுத்த கூட்டல் கணக்கு. பிள்ளையின் பெயர் இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. தாத்தா பாட்டி ஆசையாகச் சொன்ன பெயருக்கு மூன்றாவது இடம்கூடக் கிடைப்பதில்லை.

முதல் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பரணியில் பிறந்தார் தரணி ஆள்வார் என்பது பழமொழி. அந்தப் பரணிக்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகள் லி, லு, லே, லோ. ஆனால் தமிழ்ச் சொல் எதுவும் லகரத்தில் தொடங்காது என்பது தொல்காப்பிய விதி. லட்சுமணனைக் கம்பர் இலக்குவன் ஆக்கியதும் அதனால்தான். அசுவினியின் நான்காம் பாதத்துக்கு ல. சுவாதிக்கு ரு, ரே, ரோ. அஸ்தத்தின் எழுத்துகளில் ஷ உண்டு, ட உண்டு. ஆக, தரணி ஆளப் பிறந்த பிள்ளைக்குப் பஞ்சாங்கப்படி தமிழில் பெயரே கிடையாது! பெற்றோர் என்ன செய்வார்கள்? முதலில் ஒரு 'லோ', முடிவில் ஒரு 'ஷ்', நடுவில் ஏதோ ஒன்று என்று ஒரு பெயரைத் தைத்துவிடுகிறார்கள். பொருள் கேட்டால், "நல்ல அர்த்தம்தான், மறந்துபோச்சு" என்கிறார்கள்.

நட்சத்திரத்தின் மேல் பற்று இருந்தால் அதன் பெயரையே வைக்கலாமே! மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆதிரை, நட்சத்திரப் பெயர் தாங்கியவள். பரணி என்றே பையனுக்குப் பெயரிட்டால் தமிழும் இருக்கும், பிறந்த நாளும் மறக்காது.

இரண்டாவது தாள் இன்னும் வேடிக்கை. எண்கணிதக்காரர் கூட்டுவது ஆங்கில எழுத்துகளை. ஓர் 'ஏ' கூடினால் ராசாவாம். ஓர் 'எச்' குறைந்தால் கண்டமாம். அதே பெயரைத் தமிழில் எழுதினால் அவரிடம் கணக்கே இல்லை. தமிழ்ப் பிள்ளையின் தலைவிதி ரோமன் எழுத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது போலும்! இதில் சிரிப்பதற்கு மேல் ஒன்று உண்டு. பிறப்புப் பத்திரத்தில் இரண்டு 'என்', பள்ளிப் பதிவில் ஒரு 'என்' என்றாகிவிட்டால், பின்னாளில் அந்தப் பிள்ளை சத்தியப் பிரமாணத் தாளும் கையுமாக ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். முன்பு தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதி வைத்தார். லட்சுமி லெட்சுமி ஆனாள். அன்று படிப்பறியாத பெற்றோர், கேட்க முடியவில்லை. இன்று படித்த பெற்றோர் காசு கொடுத்து அந்த வேலையைச் செய்துகொள்கிறார்கள்.

பெயர் வீட்டில் மட்டும் கூப்பிடப்படுவதில்லை. தேசியப் பள்ளி வகுப்பறையிலும் மருத்துவமனை முகப்பிலும் மலாய் நாக்கு அதைச் சொல்லியாக வேண்டும். மதி என்பது அழகான பெயர். ஆனால் மலாயில் 'மாத்தி' என்றால் இறப்பு. பாலா என்றால் பேரிடர். மாலதியைச் செல்லமாக மாலு என்றால் அது வெட்கம். நிலா என்று வைத்தால் 'நீலா', அதாவது அவுரிச் சாயம். ஒரு சொட்டுச் சாயம் பானைப் பாலையே கெடுத்துவிடும் என்று மலாய்ப் பழமொழி வேறு இருக்கிறது. இதற்காக நிலாவை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சிங்கப்பூரை நிறுவியதாக மலாய் வரலாற்று நூல் சொல்லும் இளவரசரின் பெயரே சாங் நீலா உத்தாமாதான். கேலி செய்யும் தோழனிடம் அந்தச் சிறுமி இதைச் சொன்னால் போதும். அதற்கு அவள் பெயரின் கதை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

2006ஆம் ஆண்டு தேசியப் பதிவு இலாகா விரும்பத்தகாத பெயர்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம், எண் ஆகியவற்றைப் பெயராக வைக்க வேண்டாம் என்றது. பிள்ளையைக் கேலியிலிருந்து காப்பதே நோக்கம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மொழிபெயர்த்துப் பார்த்தால் கனிமொழியில் பழம் இருக்கிறது. மயில்வாகனத்தில் பறவை இருக்கிறது. கருப்பசாமியில் நிறம் இருக்கிறது. கருப்பசாமி நிறமல்ல, காவல் தெய்வம் என்று முகப்பில் நின்று விளக்கப் பொருள் தெரிந்த தகப்பன் வேண்டும்.

பழைய பெயரெல்லாம் பொன் என்று சொல்வதற்கும் இல்லை. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்குப் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிட்ட வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. ஒரு பெண் ஆயுள் முழுவதும் அந்தப் பெயரைச் சுமப்பது கொடுமை. முதல் பிள்ளைகளை இழந்த தாய், அடுத்ததையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குப்பன் என்றும் பிச்சை என்றும் அழைத்தாளே, அது வேறு. அதில் அழுகை இருந்தது, அன்பு இருந்தது.

புதுப் பெயர் என்பதாலேயே தள்ளவும் வேண்டாம். சுவாமி வேதாசலம், 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தில் மறைமலை அடிகள் ஆனார். பெரியார் 1929லும் 1954லும் மலாயாவுக்கு வந்தார். சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். அந்த அலையில்தான் தோட்டத்து லயங்களில்கூடத் தமிழ்ச்செல்வனும் அன்பழகனும் கலைச்செல்வியும் பிறந்தார்கள். அன்றைய முனியாண்டிகளுக்கு அவை புதுமையான பெயர்கள்தாம். ஆனால் கூப்பிட்ட பாட்டிக்குப் பொருள் புரிந்தது. இன்று பேரனின் பெயர் வாயில் நுழையாமல் 'தம்பி' என்றே காலம் தள்ளும் பாட்டிகள் எத்தனை பேர்! பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் அவன்.

இந்த நாட்டில் தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்று போட்டுத் தந்தை பெயர்தான் பின்னால் வருகிறது. (தாயின் பெயர் ஏன் வருவதில்லை என்பது இன்னொரு கருத்தரங்குக்கு உரியது.) ஆகவே மகனுக்கு இன்று சூட்டும் பெயரை முப்பது ஆண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளையும் அடையாளக் கார்டில் சுமக்கப் போகிறது. பதிவு இலாகாவுக்குப் புறப்படும் முன் அந்தப் பெயரைத் தமிழில் ஒரு முறை எழுதிப் பாருங்கள். பிறகு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கொடுத்து, உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள்.