சமையலும் மின்சாரக் கணக்கும்



மாதம் முடிந்து மின்சார பில் வந்ததும், “விளக்கைக்கூட அணைத்துத்தானே வைத்தோம், எப்படி இவ்வளவு வந்தது?” என்று தாய்மார்கள் திகைப்பதுண்டு. விளக்கை மட்டும் கவனித்தால் போதாது. அடுப்படியையும் கவனிக்க வேண்டும்.

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். கருவியின் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை மணியால் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை செய்யக்கூடிய கணக்குத்தான் இது.

ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். 600 வாட் குக்கர் அரை மணியில் சோறு ஆக்கினால் 0.3 யூனிட் செலவு. சோறு வெந்ததும் பொத்தான் தானே மேலெழும்பி, சூடு காக்கும் நிலைக்கு மாறுகிறது. அந்நிலையில் 40 வாட் இழுக்கும் குக்கரைக் காலை 5 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை விட்டுவைத்தால் 0.4 யூனிட். ஆக்கியதைவிடக் காத்ததற்கே செலவு அதிகம்!

ஆனால், அணைத்துவிட்டுப் பகல் முழுவதும் சோற்றை அப்படியே வைப்பதும் தவறு. நம் நாட்டு வெப்பத்தில் அதில் கிருமிகள் பெருகும். மீண்டும் சூடாக்கினாலும் அவை விட்ட நஞ்சு போகாது. ஆகவே காலைக்கும், வேலைக்குக் கட்டிக்கொண்டு போவதற்கும் வேண்டியதை மட்டும் காலையில் ஆக்குங்கள். இரவுச் சோற்றை மாலையில் ஆக்குங்கள். இரு முறை ஆக்கினாலும், ஒவ்வொரு முறையும் அரிசி குறைவு, நேரமும் குறைவு.

அடுத்தது, கொதிக்கும் தண்ணீர். 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 0.1 யூனிட் போதும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக, அதைப்போல் ஏழு மடங்கு வெப்பம் வேண்டும். கொதித்தபின் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும், திறந்த சட்டியில் தண்ணீரின் சூடு 100 பாகையைத் தாண்டாது, ஆவிதான் கூடும். ஆகவே கொதித்ததும் மூடியிட்டு, சூட்டைக் குறையுங்கள். கடலையை முதல் நாள் இரவே ஊறவையுங்கள், சீக்கிரம் வேகும். நாலு பேருக்குத் தேநீர் என்றால் நாலு குவளைத் தண்ணீர் மட்டும் கொதிக்கட்டும்.

இன்றிரவு மீட்டரின் எண்ணைப் பிள்ளையை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் பழைய வழக்கப்படி சமையுங்கள். மறு வாரம் இம்முறைகளைக் கைக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சமாவது சில வெள்ளியானாலும், அது பிள்ளையின் புத்தகச் செலவுக்கு உதவும்.