குடியரசுத் தலைவரைத் தேர்ந்தவர்கள் எண்ணியது என்ன?

(ஆண்டு விழாவுக்கு முன் கூடிய சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் புலவர் பெருமக்களும் பட்டம் பெற்ற அறிஞர்களும் நின்று பேசியிருக்கிறார்கள். நாமோ பள்ளி இறுதித் தேர்வுக்கு மேல் படியாத ஓர் இரயில்வே எழுத்தர். நாள்தோறும் பதிவேட்டில் எண்களைக் கூட்டுவதும் சரிபார்ப்பதும் அன்றி வேறு கலை அறியோம். ஆயினும், "சங்கத் தலைவர் தேர்தல் வருகிறது, தலைவரைத் தேர்ந்தெடுப்பது பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தபோது மறுக்க இயலவில்லை. நம் சங்கத் தேர்தலைப் பற்றி நேரே பேசினாலோ, "இவர் எந்தப் பக்கம்?" என்று கேட்பீர்கள். ஆகவே, எண்களோடு பழகிய பழக்கத்தால், ஒரு பெரிய தேர்தலின் கணக்கையே உங்கள் முன் விரித்து வைக்கத் துணிந்தோம். அது 1969ஆம் ஆண்டு நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தல்.

குடியரசுத் தலைவரை நாமும் நீங்களும் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பாராளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வாக்காளர்கள். நியமன உறுப்பினர்க்கு வாக்கில்லை. ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு 176, நாம் வாழும் இவ்வங்காளத்து உறுப்பினருக்கு 151, உத்தரப் பிரதேசத்தவர்க்கு 208, சிக்கிமில் 7. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 700. வாக்காளர் தம் விருப்பத்தை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையிட்டுக் குறிக்க வேண்டும். வாக்கு இரகசியமானது, கட்சிக் கொறடாவின் உத்தரவு இத்தேர்தலுக்குச் செல்லாது. இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள்: வரிசை, இரகசியம், உத்தரவின்மை.

இனி 1969க்கு வருவோம். அவ்வாண்டு மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். சூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரசுத் தலைவர்கள், மக்களவைத் தலைவராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தம் வேட்பாளராக அறிவித்தனர். பிரதமர் இந்திரா காந்தி விரும்பியதோ ஜகஜீவன்ராமை. அதன்பின் நிகழ்ச்சிகள் விரைந்தன. சூலை 16ஆம் நாள் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை எடுக்கப்பட்டது. 19ஆம் நாள் பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. அந்த அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் கிரி. மறுநாளே பதவி விலகி, எக்கட்சியின் வேட்பாளராகவும் இன்றித் தாமே போட்டியில் இறங்கினார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி. டி. தேஷ்முக்கை நிறுத்தின. ஆக மொத்தம் 15 பேர் களத்தில் நின்றனர்.

கிரி என்ற பெயரைக் கேட்டால் கரக்பூரில் வாழும் நாம் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். வங்காள-நாகபுரி இரயில்வே என்று இவ்விருப்புப் பாதை வழங்கப்பட்ட காலத்தில், 1920களில், அதன் தொழிலாளர்களைத் திரட்டி நின்றவர் அவரே. வேலையிழந்த தோழர்களுக்காக 1928இல் அமைதி வழியில் நடந்த வேலை நிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பின்னர் நடுவண் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர் ஊதியத் தீர்ப்பை அரசு திருத்தியது பொறாமல் 1954இல் அமைச்சர் பதவியைத் துறந்தார்.

இந்தத் தேர்தலின்போது நம் பாட்டனார் இங்குப் பட்டறையில் பணிபுரிந்தார். நம் தந்தையார் இருபது வயது இளைஞர். அந்த ஆகஸ்டு மாதத்தைப் பற்றித் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடியிருப்பின் ஒரு வரிசை வீடுகளில் காமராசர் படம். எதிர் வரிசையில் அண்ணா படம். காமராசர் ரெட்டியின் பக்கம்; தி.மு.க. கிரியின் பக்கம். குழாயடியிலும் தேநீர்க் கடையிலும் வாய்ச்சண்டை. பாட்டனார்க்கோ இரண்டு உள்ளம். காமராசரைக் கைவிடவும் மனமில்லை. தொழிலாளர் மேடையில் தாம் கண்ட கிரியை மறக்கவும் மனமில்லை. இறுதியில் அவர் சொன்னாராம்: "நமக்கு வாக்கே இல்லை, இதற்கே இத்தனை சண்டை என்றால், வாக்கிருந்தால் என்ன ஆவோம்!"

வாக்குள்ளவர்கள் எண்ணிப் பார்த்தவை யாவை? நாம் அறிந்த அளவில் அவை நான்கு. முதலாவது, கட்சிக் கட்டுப்பாடு. கட்சி முறைப்படி நிறுத்திய வேட்பாளரைக் கட்சி உறுப்பினரே தோற்கடிக்கலாமா என்பது கேள்வி. ரெட்டியின் வேட்பு மனுவில் கையொப்பமிட்டவர்களுள் பிரதமரும் ஒருவர் என்பதை மறக்கலாகாது. இரண்டாவது, மனச்சான்று. காங்கிரசுத் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்கத்தாரிடமும் சுதந்திராக் கட்சியாரிடமும் இரண்டாம் விருப்ப வாக்குகளைக் கோரினார். அதைக் காரணம் காட்டி, மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்ற முழக்கம் பிரதமர் பக்கத்திலிருந்து எழுந்தது. மூன்றாவது, வங்கிகள். சம்பள நாளன்று வட்டிக்காரர் வாயிலில் காத்து நின்ற காலம் அது. ஏழைக்கும் வங்கியின் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை நாடெங்கும் எழுந்திருந்தது. நான்காவது, அச்சம். ரெட்டி வென்றால் பிரதமரின் பதவியே ஆட்டங்காணும் என்று ஒரு சாராரும், கிரி வென்றால் மாளிகையில் பிரதமரின் கையாளே அமர்வார் என்று மறுசாராரும் அஞ்சினர்.

ஆகஸ்டு 16இல் வாக்குப்பதிவு, 20இல் எண்ணிக்கை. செல்லத்தக்க வாக்குகளின் மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. ஒருவரும் எல்லையைத் தொடவில்லை. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுக்கு வாக்களித்தோரின் அடுத்த விருப்பங்களை எண்ணினர். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாம் விருப்பத்தை எண்ணி முடிவு கண்டது அந்த ஒரு முறையே.

எழுத்தர் என்ற முறையில் நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருவருக்கும் இடையிலான வேறுபாடு 14,650. அன்று பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 576. பதின்மூன்று உறுப்பினர் மட்டும் இவரை விட்டு அவரிடம் சென்றிருந்தால் முடிவே மாறியிருக்கும். இத்தனை பெரிய நாட்டில் பதின்மூவர்! "என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?" என்று பொதுக்கூட்ட நாளன்று வீட்டில் படுத்துறங்கும் அன்பர்கள் இவ்வெண்ணைக் குறித்துக் கொள்வார்களாக.

கிரி வென்றார். இரயில்வேத் தொழிலாளர் மகிழ்ந்தனர். "நம்மவர் மாளிகை ஏறினார்" என்று பாட்டனார் மிட்டாய் வாங்கி வழங்கினாராம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1974ஆம் ஆண்டு மே 8இல் நாடு முழுதும் இரயில்வே வேலை நிறுத்தம் தொடங்கிற்று. 27ஆம் நாள் கைவிடப்பட்டது. அதற்குள் ஆயிரமாயிரம் தொழிலாளர் சிறைப்பட்டனர், பல்லாயிரவர் வேலையிழந்தனர். அப்பொழுது குடியரசுத் தலைவர் யார்? அதே வி. வி. கிரி. "நம் கிரி அங்கே இருக்கிறாரே, ஒரு சொல் சொல்ல மாட்டாரா?" என்று பாட்டனார் மாலைதோறும் வானொலி அருகே அமர்ந்திருந்ததைத் தந்தையார் சொல்லும்போது, அவர் குரல் தழுதழுக்கும்.

அன்பர்களே, கிரி நன்றி மறந்தவர் என்று கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். அந்த நாற்காலியால் என்ன செய்ய இயலும், என்ன செய்ய இயலாது என்பதை எண்ணாமல், "நம்மவர்" என்ற ஒன்றையே நம்பியது நம் பிழை. அந்த நாற்காலியால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கையொப்பமிடும் முன் ஒரு கேள்வி கேட்கலாம். 1975 சூன் 25ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி நெருக்கடி நிலைப் பிரகடனம் வந்தபோது, பக்ருதீன் அலி அகமது அமைச்சரவை கூடியதா என்று வற்புறுத்தாமலே கையொப்பமிட்டார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரை வந்தபோது, கே. ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவையும் அதனைக் கைவிட்டது. நாற்காலி ஒன்றே, அமர்ந்தவரே வேறு.

இதனை நாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டே தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் பணிபுரிந்தபோது, அங்கிருந்த தமிழர் அமைப்பொன்றின் தலைவர் தேர்தலில் நாம் ஒரு மேலதிகாரிக்கு வாக்களித்தோம். காரணம் இரண்டு: அவர் நம் மாவட்டத்தார், நம் இடமாற்ற விண்ணப்பத்துக்கு உதவுவார் என்ற நப்பாசை. அவர் நல்லவரே. ஆனால் நீட்டிய தாளில் எல்லாம் கையொப்பமிட்டார்; கணக்கேட்டை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வந்த அம்மையாருக்குப் பல மாதம் சிறு மதிப்பூதியமும் சேரவில்லை. வகுப்பு நின்றது. அப்போது நம் மகளுக்கு ஏழு வயது. உயிரெழுத்து முடிந்து மெய்யெழுத்துத் தொடங்கியிருந்தாள். இன்று அவள் இந்தியும் வங்காளியும் ஆங்கிலமும் தடையின்றிப் படிக்கிறாள். ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை மட்டும் நம்மிடம் நீட்டி, "அப்பா, படித்துக் காட்டுங்கள்" என்கிறாள். அந்தத் தேர்தலில் நாம் இட்ட வாக்கின் விலை அது.

ஆதலின், வரும் தேர்தலில் எவர்க்கு வாக்களிக்க வேண்டும் என்று நாம் கூறப் போவதில்லை. கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை மட்டும் வைக்கிறோம். இவர் எம் மாவட்டத்தாரா, எம் பிரிவினரா, எந்தப் படிநிலை அலுவலர் என்பவற்றை ஒதுக்கி வையுங்கள். கணக்கேட்டைத் திறந்து பார்ப்பாரா? கையொப்பமிடும் முன் ஒரு கேள்வி கேட்பாரா? ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறதா என்று நேரில் வந்து எட்டிப் பார்ப்பாரா? தவறு எனத் தோன்றினால் பதவியைத் துறக்கும் துணிவு உண்டா?

இன்னொன்றும் உண்டு. நம் சங்க விதியில் இரண்டாம் விருப்பம் இல்லை. ஆயினும் உள்ளத்தில் அதனைக் குறித்துக்கொள்ளுங்கள். "நான் விரும்பியவர் வெல்லாவிடில், வேறு எவர் கீழ் நான் மனமொப்பிப் பணி செய்வேன்?" என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தால், தேர்தல் முடிந்த மறுநாள் சங்கம் இரண்டாகப் பிளவாது. 1969இல் அந்த எண்ணம் இல்லாமையால் நவம்பரிலேயே காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. வழக்கும் தொடரப்பட்டது, பதவியிலிருந்த கிரியே உச்ச நீதிமன்றத்தில் தோன்றிச் சாட்சியம் அளித்தார். 1970இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

தோற்ற சஞ்சீவ ரெட்டி என்ன ஆனார்? எட்டு ஆண்டுகள் கழித்து, 1977இல், போட்டியின்றியே குடியரசுத் தலைவரானார். அன்று தோற்றவரை இன்று நாடே ஒருமனதாக ஏற்கிறது! ஆகவே இவ்வாண்டு தோற்பவரை எள்ளி நகையாடாதீர்கள்; வரும் ஆண்டில் அவரை நாமே அழைக்க நேரிடலாம். வென்றவர்க்கு மாலையிடும் கைகளே, தோற்றவர்க்கும் முதல் வரிசையில் ஒரு நாற்காலி எடுத்துப் போடட்டும்.

குழாயடிச் சண்டையில் நின்ற அந்த இரு வரிசை வீட்டாரும், முடிவு வந்த பின் எப்படி இருந்தார்கள் என்று தந்தையாரிடம் ஒருமுறை கேட்டோம். "என்ன செய்வது? அடுத்த மாதம் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. சேர்ந்துதான் பந்தல் போட்டோம்" என்றார். அந்தப் பந்தலின் நிழலே இச்சங்கம். அது சாயாமல் காப்பது நம் அனைவரின் கடன்.